பழைய சேர்வரும் புதிய நினைவகமும்

மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களிலும், தீபாவளி, நோன்புப் பெருநாள் வியாபாரம் உச்சத்தை எட்டும் வாரங்களிலும், எமது வர்த்தக நிலையங்கள் பலவற்றில் ஒரே முறைப்பாடு கேட்கின்றது. காசாளர் பற்றுச்சீட்டை அச்சிடக் கட்டளையிட்டுவிட்டுக் காத்திருக்கின்றார். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கின்றார். உள்ளே கணக்காளர், களஞ்சிய இருப்புப் பட்டியல் திரையில் தோன்றுவதற்குள் தேநீரை அருந்தி முடித்துவிடுகின்றார். ‘சேர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்’ என்ற தீர்ப்பு அதன் பின்னர் எங்கிருந்தோ வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பு மலிவானதல்ல. 2022 மார்ச் மாதத் தொடக்கம் வரை 203 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதியாகும் எந்த இயந்திரமும் அன்று ஏறிய படியிலிருந்து முழுமையாக இறங்கி வரவில்லை. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியதால் 2025 இறுதியில் புதிய நினைவகங்களின் விலை வேகமாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் மைக்ரோன் நிறுவனம், ‘குரூஷல்’ என்ற பெயரில் நுகர்வோருக்கு நினைவகம் விற்று வந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. இந்நிலையில், புறக்கோட்டையிலோ சாய்ந்தமருதிலோ யாழ்ப்பாணத்திலோ பத்துப் பேருக்குத் தொழில் வழங்கும் ஒரு மொத்த வியாபாரி, உள்ள இயந்திரத்தை இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஓட்ட முடியுமா என்று கேட்பது நியாயமானதே. பல வேளைகளில் முடியும். அதற்கான வழிகளில் மிகக் குறைந்த செலவுடையது நினைவகத்தை அதிகரிப்பதாகும். எனினும், அந்தச் செலவு பயன் தருமா வீணாகுமா என்பது அட்டையைச் செருகும் பத்து நிமிடத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. அதற்கு முந்திய விசாரணையிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

நினைவகம் என்று நாம் இங்கு குறிப்பிடுவது, கடைகளில் ‘ரெம் கார்ட்’ என்று கேட்டு வாங்கும் அட்டைகளையே. தகவல் நிலையாகத் தங்கும் வன்தட்டு வேறு, இது வேறு. கச்சேரியில் பணிபுரியும் ஓர் இலிகிதரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மேசை பெரிதாயின் அன்றைக்கு வேண்டிய கோவைகள் யாவும் கைக்கெட்டும் தூரத்தில் விரிந்திருக்கும். மேசை சிறிதாயின் ஒரு கோவையைப் பதிவறையில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வரவேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும் நாளில் அவர் நடந்தே களைத்துவிடுவார். சேர்வருக்கு நினைவகம் மேசை, வன்தட்டு பதிவறை. மேசை நிறைந்துவிட்டால் இயங்குதளம் சில பக்கங்களை வன்தட்டுக்கு இறக்கிவிட்டு, வேண்டும்போது மீண்டும் ஏற்றிக்கொள்கின்றது. நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுப்பதற்கு ஏறத்தாழ நூறு நானோ செக்கன்கள் போதும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுப்பதற்கு ஏறத்தாழ பத்து மில்லி செக்கன்கள் தேவை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு இலட்சம் மடங்காகும். காசாளர் காத்திருப்பது அந்த நடைக்காகத்தான்.

ஆனால், நடை காரணமாகத்தான் தாமதம் என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும். விண்டோஸ் சேர்வர் 2008 முதல் ‘ரிசோர்ஸ் மொனிட்டர்’ என்ற கருவி இயங்குதளத்துடனேயே வருகின்றது. அதில் நினைவகப் பகுதியில், செக்கனுக்கு எத்தனை தடவை பக்கங்கள் வன்தட்டிலிருந்து மீட்டெடுக்கப்படுகின்றன என்பது காட்டப்படும். இதனை அமைதியான செவ்வாய்க்கிழமைக் காலையில் பார்ப்பதால் பயனில்லை. மாத இறுதியில், எல்லாக் காசாளர்களும் வேலை செய்யும் நேரத்தில் பார்க்க வேண்டும். அந்த எண் தொடர்ந்து உயர்ந்தும், கைவசமுள்ள நினைவகம் தொடர்ந்து அடிமட்டத்திலும் இருந்தால் குறைபாடு நினைவகத்தில்தான். நினைவகம் போதியளவு இருந்தும் வன்தட்டின் வரிசை மட்டும் நீண்டிருந்தால், பணத்தைத் திண்மநிலை வட்டு எனப்படும் எஸ்.எஸ்.டி.யில் செலவிடுவதே மேல்.

இங்கு ஒரு பொறி உண்டு. எஸ்.கியூ.எல். சேர்வர் போன்ற தரவுத்தள மென்பொருட்கள், கிடைக்கும் நினைவகம் முழுவதையும் வேண்டுமென்றே பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. ‘நினைவகம் 95 வீதம் நிறைந்துவிட்டது’ என்று திரையைக் காட்டிப் புதிய அட்டைகளை விற்க முற்படுபவர், மேசை முழுவதும் கோவைகள் இருப்பதைக் காட்டி மேசை சிறிது என்று வாதிடுகின்றார். மேசை நிறைந்திருப்பது குற்றமல்ல. இலிகிதர் நடக்கின்றாரா என்பதே கேள்வி.

இரண்டாவது விசாரணை, மென்பொருளின் வரம்பு பற்றியது. விண்டோஸ் சேர்வர் 2003 மற்றும் 2008 ஆகியவற்றின் 32 பிட் ஸ்டான்டர்ட் பதிப்புகள் 4 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்தமாட்டா. 2008 ஆர்2 ஸ்டான்டர்ட் பதிப்பின் எல்லை 32 ஜிகாபைட். அந்த இயந்திரத்தில் 64 ஜிகாபைட்டைப் பொருத்தினாலும் பாதி உறங்கும். இதனைவிடப் பரவலாகக் கவனிக்கத் தவறப்படும் எல்லை ஒன்று உள்ளது. சிறு வியாபாரங்களுக்கான கணக்கியல் மென்பொருட்கள் பல, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பின் மீது இயங்குகின்றன. அப்பதிப்பு தனது தரவுகளைத் தாங்கி வைத்திருக்கப் பயன்படுத்தும் நினைவகம், 2012 வரையான பதிப்புகளில் 1 ஜிகாபைட் மட்டுமே. 2016 முதல் 1,410 மெகாபைட். சேர்வரில் நூறு ஜிகாபைட் இருந்தாலும் அது அந்த எல்லையைத் தாண்டாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நினைவகம் விற்பவரிடம் வாங்குவதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம்.

விசாரணை முடிந்து நினைவகமே தேவை என்று உறுதியானால், அடுத்து எந்த நினைவகம் என்ற கேள்வி எழுகின்றது. பொதுவாகப் பேசுவதைவிட ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவைத் தரும். 2009 இல் வெளிவந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710, அதன் காலத்தில் உலகெங்கும் பெருமளவில் விற்பனையான சேர்வர். பாவித்த பொருட்களின் சந்தையில் பல ஆண்டுகளாகப் புழங்கி வருவதும்கூட. இன்டெல் ஸியோன் 5500 அல்லது 5600 வரிசைப் புரொசஸர்கள் இரண்டை ஏற்கும் இவ்வியந்திரத்தில் நினைவகத்துக்கென 18 ஸ்லொட்கள் உள்ளன. ஏ1 முதல் ஏ9 வரையானவை முதலாவது புரொசஸருக்கும், பி1 முதல் பி9 வரையானவை இரண்டாவதற்கும் உரியவை. இரண்டாவது புரொசஸர் இல்லாத இயந்திரத்தில் பி வரிசையில் எதனைச் செருகினாலும் அது இயங்காது. பாவித்த சேர்வரை வாங்கியவர்கள் பலர் ஒரே புரொசஸருடன் வாங்கியிருப்பார்கள். மூடியைத் திறக்கும் முன்னரே இதனைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வியந்திரம் ஏற்பது டி.டி.ஆர்.3 வகை நினைவகம். டி.டி.ஆர்.4 அட்டை இதற்குள் நுழையவே நுழையாது. அதன் ஊசி எண்ணிக்கையும் வேறு, வெட்டுப் பள்ளத்தின் இடமும் வேறு. அந்தத் தவறை இயந்திரமே தடுத்துவிடும். தடுக்காத தவறு ஒன்று உண்டு. டி.டி.ஆர்.3 இலேயே ‘ரெஜிஸ்டர்ட்’ என்றும் ‘அன்பஃபர்ட்’ என்றும் இரு வகைகள் உள்ளன. இரண்டும் ஒரே அளவு, ஒரே 240 ஊசிகள், ஒரே பள்ளம். இரண்டும் ஸ்லொட்டில் அழகாக அமர்ந்துவிடும். ஆயினும் ஒரே இயந்திரத்தில் இரண்டையும் கலக்க முடியாது. முதல் வகையில், புரொசஸரிலிருந்து வரும் கட்டளைகளை இடையில் வாங்கிச் சில்லுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சிறிய பதிவுச் சில்லு ஒன்று அட்டையின் நடுவில் இருக்கும். அதனால் புரொசஸரின் சுமை குறைந்து, ஒரே தடத்தில் கூடுதலான அட்டைகளைத் தாங்க முடிகின்றது. ஆர்710 இல் ரெஜிஸ்டர்ட் வகையாயின் தடம் ஒன்றுக்கு மூன்று அட்டைகள் வரை போடலாம்; அன்பஃபர்ட் வகையாயின் இரண்டுதான். ஒட்டியுள்ள சீட்டில் ‘பி.சி.3-10600’ என்பதன் பின்னால் வரும் எழுத்து இதனைச் சொல்லிவிடும். ஆர் என்றால் ரெஜிஸ்டர்ட். ஈ என்றால் பிழை திருத்தும் வசதியுள்ள அன்பஃபர்ட். யூ என்றால் வீட்டுக் கணினிக்குரியது. சீட்டுக் கிழிந்துபோன அட்டையை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நாம் வாங்கமாட்டோம்.

பிழை திருத்தல் என்று குறிப்பிட்டோம். வீட்டுக் கணினியின் அட்டையும் சேர்வரின் அட்டையும் வேறுபடும் மிக முக்கியமான இடம் இதுவாகும். சாதாரண அட்டை ஒரு தடவையில் 64 பிட் தரவைக் கொண்டு செல்கின்றது. ஈ.சி.சி. எனப்படும் பிழை திருத்தும் அட்டை 72 பிட் கொண்டு செல்கின்றது. மேலதிகமான 8 பிட்டுகள் காவலாளிகள். ஒரு பிட் தவறிப் பூச்சியம் ஒன்றாக மாறிவிட்டால் அதனைக் கண்டுபிடித்து அந்த இடத்திலேயே திருத்திவிடும். இரண்டு பிட்டுகள் தவறினால் திருத்த முடியாவிட்டாலும் கண்டுபிடித்து எச்சரிக்கும். இத்தகைய தவறு அபூர்வமானது என்று எண்ணுவோர் உளர். கூகுள் நிறுவனம் தனது சேர்வர்களை இரண்டரை ஆண்டுகள் அவதானித்து, டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளருடன் இணைந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. ஆண்டொன்றில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இயந்திரங்கள் திருத்தத்தக்க நினைவகப் பிழையொன்றையாவது சந்தித்தன. அட்டைகளில் 8 வீதத்துக்கும் மேற்பட்டவை பாதிக்கப்பட்டன. ஒரு வியாபாரியின் கடன் பேரேட்டில் இலக்கமொன்று சத்தமின்றி மாறுவது எவ்வளவு பெரிய தகராறுக்கு வித்திடும் என்பதைக் கடை நடத்துபவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, அட்டைகளை எங்கே பொருத்துவது என்பது. ஆர்710 இல் ஒவ்வொரு புரொசஸருக்கும் மூன்று தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் மூன்று ஸ்லொட்கள். தடத்தின் முதல் ஸ்லொட்டை, அதன் நெம்புகோல் வெள்ளை நிறத்தில் இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். வெள்ளை ஸ்லொட்களே முதலில் நிரப்பப்பட வேண்டும். எல்லாத் தடங்களும் ஒரே விதமாக நிரப்பப்பட்டால் புரொசஸர் மூன்று தடங்களிலும் ஒரே வேளையில் படிக்கும். உதாரணமாக, இரு புரொசஸர்களும் ஆறு 4 ஜிகாபைட் அட்டைகளுமாக 24 ஜிகாபைட் இருக்கும் இயந்திரத்தில், அதே வகையான ஆறு அட்டைகளை அடுத்த ஆறு ஸ்லொட்களில் சேர்த்தால் 48 ஜிகாபைட் கிடைக்கும், சமநிலையும் குலையாது. ‘இப்போதைக்கு ஒன்று போதும்’ என்று ஒற்றை அட்டையைச் செருகுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், அந்தச் சமநிலையைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது ஸ்லொட்களையும் நிரப்பும்போது நினைவகத்தின் வேகம் 1333 இலிருந்து 800 மெகாஹேர்ட்ஸ் ஆகக் குறைந்துவிடும். இதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. எமது அபிப்பிராயத்தில் இது பெரிதாகக் கவலைப்பட வேண்டிய விடயமன்று. வேகம் குறைந்த நினைவகமும் வன்தட்டைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமானது. பற்றாக்குறை உண்மையானால் அளவே முக்கியம்.

பொருத்தும் வேலைக்கு நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். போயா விடுமுறையில் செய்துவிடலாம் என்று பலர் திட்டமிடுகின்றார்கள். அட்டையொன்று பழுதானால் மாற்று வாங்குவதற்கு அன்று கடைகள் மூடியிருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றார்கள். கடை மூடிய பின் வரும் சனிக்கிழமை மாலை பொருத்தி, ஞாயிறு முழுவதும் பரிசோதிப்பது உசிதமானது. அதற்கு முன்னர் தரவுகளின் பிரதி ஒன்று எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது; அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் நிறுத்தப்படாமல் ஓடிய சேர்வர் நிறுத்தப்பட்ட பின்னர் மீண்டும் எழும்பாமல் போவதற்கு நினைவகம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. களைத்த வன்தட்டு அந்த ஓய்விலேயே உயிரை விட்டுவிடலாம்.

சேர்வரை முறைப்படி நிறுத்திய பின் மின்கம்பிகளைக் கழற்ற வேண்டும். இத்தகைய சேர்வர்களில் மின்வழங்கிகள் இரண்டு இருப்பது வழக்கம். ஒன்றை மட்டும் கழற்றினால் தாய்ப்பலகையில் மின்சாரம் தொடர்ந்து இருக்கும். பின்னர் இயக்கும் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றலாம். அட்டைகள் சூடாக இருக்கும். ஆற விட வேண்டும். எமது உடலிலுள்ள நிலைமின், நாம் உணராத அளவிலேயே ஒரு சில்லை ஊனப்படுத்தப் போதுமானது. அவ்வாறு ஊனப்பட்ட அட்டை அன்றே இறந்துவிடுவதில்லை, மூன்று மாதங்களின் பின்னர் நடுப்பகலில் இறக்கின்றது. குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றில் இந்த ஆபத்து அதிகம். ஆகவே, புவித்தொடுப்புள்ள மணிக்கட்டுப் பட்டி அணிவது சம்பிரதாயமல்ல, அவசியம். அட்டையை ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும். பொன்னிற ஊசிகளைத் தொடலாகாது.

ஆர்710 இன் மூடியைத் திறந்தவுடன் நினைவகம் தெரியாது. காற்றை வழிப்படுத்தும் பிளாஸ்டிக் உறை ஒன்று மேலே இருக்கும். அதனைத் தூக்கி எடுத்த பின்னர் ஸ்லொட்டின் இரு நெம்புகோல்களையும் வெளிப்புறமாகத் தள்ளி, அட்டையின் பள்ளத்தை ஸ்லொட்டின் மேட்டுடன் பொருத்தி, இரு முனைகளிலும் இரு பெருவிரல்களால் சமமாக அழுத்த வேண்டும். நெம்புகோல்கள் தாமாக எழும்பி அட்டையைப் பற்றிக்கொள்ளும்போது ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும். கேட்காவிட்டால் இன்னும் அழுத்துவதல்ல வழி. எடுத்துத் திசையைப் பார்ப்பதே வழி. அந்தப் பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் போடாமல் சேர்வரை இயக்கக்கூடாது. காற்று வழி தவறினால் புரொசஸரும் நினைவகமும் கொதித்துவிடும்.

இயக்கியதும் நினைவகத்தின் அளவு மாறியுள்ளதாகச் செய்தி தோன்றுவது இயல்பு. எஃப்2 விசையை அழுத்தி அமைப்புப் பகுதிக்குச் சென்று மொத்த அளவைப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்த 48 க்குப் பதிலாக 44 காட்டினால் ஓர் அட்டை சரியாக அமரவில்லை, அல்லது பழுது. சந்தேகத்துக்குரிய அட்டையை நன்றாக இயங்கும் ஒன்றுடன் இடம் மாற்றிப் பார்த்தால், குறை அட்டையோடு போகின்றதா ஸ்லொட்டோடு நிற்கின்றதா என்பது தெரிந்துவிடும். சரிபாதியே காட்டினால் பதற வேண்டாம். ‘மிரரிங்’ என்ற முறை தெரிவு செய்யப்பட்டிருக்கலாம். அம்முறையில் ஒரே தரவு இரு தடங்களில் எழுதப்படுவதால் அளவு குறைவாகவே கிடைக்கும். வங்கி போன்ற இடங்களுக்கு அது பொருந்தலாம். பெரும்பாலான கடைகளுக்கு ‘ஒப்டிமைசர்’ முறை போதும்.

மொத்த அளவு சரியாகக் காட்டப்பட்டவுடன் வேலை முடிந்துவிட்டது என்று மூடியை மூடிச் செல்லும் தொழில்நுட்பவியலாளர்களை நாம் அறிவோம். அவர்கள் பரிசோதனையைக் காசாளரிடம் விட்டுச் செல்கின்றார்கள். ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ என்ற இலவச மென்பொருளையோ உற்பத்தியாளரின் பரிசோதனைக் கருவியையோ இரவு முழுவதும் ஓட விட வேண்டும். பின்னர் இயங்குதளம் எழும்பியதும் எஸ்.கியூ.எல். சேர்வரின் அதிகபட்ச நினைவக எல்லையைத் திருத்தி அமைக்க வேண்டும். அதன் இயல்பான அமைப்பில் எல்லையே இல்லை எனலாம். 48 ஜிகாபைட் உள்ள இடத்தில் இயங்குதளத்துக்கென ஐந்தாறு ஜிகாபைட்டையாவது விட்டு வைக்காவிட்டால், வாங்கிய நினைவகத்தை முழுவதும் தரவுத்தளமே விழுங்கி, பழைய நடை மீண்டும் தொடங்கும்.

இவ்வளவும் செய்தாலும் நினைவகத்தால் தீராதவை உள. விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 ஆம் திகதியுடனும், 2012 க்கானது 2023 ஒக்டோபர் 10 ஆம் திகதியுடனும் முடிவடைந்துவிட்டன. இணையத்துடன் இணைந்திருக்கும் அத்தகைய சேர்வருக்கு நினைவகம் சேர்ப்பது, பூட்டு உடைந்த களஞ்சியத்தில் புதிய அலுமாரி வைப்பதற்கு ஒப்பாகும். மின்சாரத்தையும் மறக்கலாகாது. சராசரியாக 200 வாற் எடுக்கும் ஒரு பழைய சேர்வர் நாளொன்றுக்கு 4.8 அலகுகளும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,750 அலகுகளும் செலவிடும். புதிய சிறு சேர்வர் அதில் பாதியைக்கூட எடுக்காதிருக்கலாம். இந்தக் கணக்கை நினைவகத்தின் விலையோடு சேர்த்துப் போட்டுப் பார்த்த பின்னரும் பழைய இயந்திரமே இலாபம் என்று வந்தால் தாராளமாக முதலிடலாம். இயங்குதளத்தின் ஆதரவு முடிந்திருந்தால் அந்தப் பணத்தைச் சேமித்து, மாற்றத்தை ஓராண்டு முன்னதாகவே செய்வது புத்திசாலித்தனம்.

பழைய அட்டைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றைப் போட்டிருந்தால், கழற்றியவற்றை அன்றே விற்றுவிட வேண்டாம். நிலைமின் தடுக்கும் பையிலிட்டு, எந்த ஸ்லொட்டிலிருந்து எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது என்று எழுதி, சேர்வர் இருக்கும் அறையிலேயே மூன்று மாதங்களுக்கு வைத்திருங்கள். அதற்குள் புதிய அட்டையொன்று தவறினால், அடுத்த நாள் காலையில் கடை திறப்பதற்கு அந்தப் பை போதுமானதாக இருக்கும்.